அரை டம்ளர் அரிசித் தண்ணீர்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என்னால் ஒரு மாடு சாகக் கிடந்தது.

வண்டியால் இடிக்கவில்லை. என்னிடம் வண்டியே கிடையாது. அடிக்கவும் இல்லை. அந்தத் தைரியமும் கிடையாது. சாப்பாடு போட்டேன். அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கீரனூரில் எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, வாழைக்காய்த் தோல், கீரைத்தண்டு எல்லாம் அதில் போகும். கழனித்தண்ணி என்போம். சாயங்காலம் நாலு மணிக்கு வீராயி அக்கா சைக்கிளில் வருவார். கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு கேன் தொங்கும். வயது அறுபதை நெருங்குகிறது. எழுத்தறிவு இயக்க நாட்களில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றார்கள்; அந்த வயதுப் பெண்கள் ஓட்டுவதை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாளிகளைக் கேனில் கவிழ்த்துக்கொண்டு போவார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு கறவை மாடு. செவலை. அந்தப் பால்தான் அவருடைய வரும்படி முழுவதும். யார் வீட்டிலாவது செடி வாடித் தெரிந்தால், கேட்காமலே ஒரு கூடை எரு கொண்டுவந்து கொட்டுவார்.

நான் டெய்லர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். வாளியை எடுக்கும்போது அவர் வாசலில் இருந்தே குரல் கொடுப்பார்.

“டெய்லரே... இருக்கீங்களா?”

“ம்.”

இதுதான் எங்கள் உரையாடல். பல வருடங்களாக! நான் பேசுகிற ஆள் இல்லை. அளவெடுக்கும்போதுகூட டேப்பைப் பார்த்துத்தான் பேசுவேன். வீட்டில் பேச்சு டிபார்ட்மெண்ட் முழுவதும் என் மனைவியிடம் இருந்தது.

அந்த டிபார்ட்மெண்ட் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. மகளுக்குப் பிரசவம், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனாள். ஒன்றரை வருடம் ஆகிறது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் வேலை. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். நடக்கிற பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? யார் மேலும் தப்பு இல்லை. தப்பு இல்லாத விஷயத்துக்குக் கோபப்படவும் முடியாது... அதுதான் கஷ்டம்.

வீட்டில் ஒற்றை ஆள் ஆகிவிட்டால் முதலில் குறைவது எது தெரியுமா? பேச்சு என்பீர்கள். இல்லை. குப்பை.

மூன்று பேருக்கு உலை வைத்த வீடு. இப்போது அரை டம்ளர் அரிசி. அதைக் களைந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். தக்காளியில் தோலும் மிஞ்சுவதில்லை. வீராயி அக்கா மூடியைத் திறந்து பார்ப்பார். மூடிவிடுவார். ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் சொன்னது எனக்கே கேட்டது.

“டெய்லர் வீட்டுத் தண்ணி மாடு மூஞ்சி கழுவக்கூடக் காணாது ஆத்தா.”

செல்வி சிரித்தார். உண்மைதானே? நானும் உள்ளே இருந்து கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து சைக்கிள் எங்கள் வாசலில் நிற்கவில்லை. நாலு மணிக்குப் பெல் சத்தம் வரும். என் ஜன்னலைத் தாண்டும். பக்கத்து வீட்டில் நிற்கும். ‘டெய்லரே, இருக்கீங்களா?’ அதோடு நின்றுபோனது.

இருக்கிறேனா? எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது.

ரேஷன் கார்டில் நாங்கள் இரண்டு பேர். அரிசியும் இரண்டு பேருக்கு வருகிறது. சாப்பிடுவது ஒருவன். மூட்டையாகச் சேர்ந்து கிடந்தது. ஒரு நாள் அதில் இரண்டு டம்ளர் எடுத்துக் களைந்தேன். தண்ணீர் நிறைய வந்தது. களைந்த அரிசியை என்ன செய்ய? வேகவைத்தேன். வெந்த சோற்றை என்ன செய்ய? மத்தால் கடைந்து கஞ்சியோடு கஞ்சியாக்கி வாளியில் ஊற்றினேன். சோறாகத் தெரிந்தால் தெருவே கேட்குமே, ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று!

வாளியை வாசலில் நடுவாக வைத்தேன். சைக்கிள் நின்றது.

“அட! டெய்லரு வீட்ல விருந்தாளி வந்திருக்காகளா?”

“ம்.”

பொய்யை ‘ம்’ என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

அன்றிலிருந்து என் இல்லாத விருந்தாளிகள் தினமும் சாப்பிட்டார்கள். மூன்று டம்ளர். நாலு டம்ளர். “இன்னும் போகலையா அவுக?” என்றார் வீராயி அக்கா. இன்னொரு நாள், “நல்லா ஒக்காந்து திங்கிற ஆளுகளாத்தான் இருக்காக” என்றார். அன்று மாலை முழுவதும் அந்த ஒரு வரியை நினைத்து நினைத்துச் சட்டைகளுக்குக் காஜா எடுத்தேன்.

திங்கட்கிழமை பார்த்தால் அரிசியில் வண்டு. வீணாகப் போகிறதே என்று மிச்சமிருந்த நாலைந்து கிலோவையும் ஒரே அண்டாவில் வேகவைத்துக் கடைந்தேன். இரண்டு வாளி. கெட்டியாக, வெள்ளை வெளேரென்று.

“கஞ்சின்னா இதுல்ல கஞ்சி!” என்று முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்விதான் சொன்னார். “அண்ணே, வீராயிக்கா மாடு எந்திரிக்க மாட்டேங்குதாம். வயிறு பானை மாதிரி ஊதிக் கெடக்காம்.”

கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடினேன்.

கொட்டகை வாசலில் கூட்டம். செவலை ஒருக்களித்துக் கிடந்தது. கடைவாயில் எச்சில். வீராயி அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற சின்னையாவைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடலைக்கொல்லை சின்னையாவுடையது.

“மருந்தடிச்சா ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாய் வலிச்சுச்சா ஒனக்கு? வரப்புப் புல்லைத்தானே அறுத்துப் போட்டேன்!”

“ஏ, நான் மருந்தடிச்சு எட்டு நாளாச்சு. என்னைய ஏன் இழுக்குற?”

“எட்டு நாளோ எட்டு மணியோ, ஒன் வாய் யாருக்குத் தெரியாது!”

கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சண்டையை அப்புறம் போடுங்க. நேத்து என்ன தின்னுச்சு, அதைச் சொல்லுங்கம்மா.”

“எப்பவும் போலதான் டாக்டரம்மா. வைக்கல், புல்லு, கழனித்தண்ணி, கஞ்சி.”

“மருந்துன்னா அதுக்கு வேற ஊசி. தீனி ஒத்துக்கலைன்னா வேற வைத்தியம். மாத்திக் குடுத்தா மாடு தாங்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“மருந்துதான். இவன் அடிச்ச மருந்துதான்!”

டாக்டர் பெட்டியைத் திறந்தார்.

எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே! ஏன் போட்டாய் என்று கேட்பார்களே! மாடு ஒரு முறை முனகியது.

“சோறு” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அது கத்தலாக வந்துவிட்டது.

“சோறுங்க! கஞ்சி இல்ல. அரிசியக் கொழைய வேகவச்சுக் கடைஞ்சேன். நாலஞ்சு கிலோ. அதுக்கு முந்தியும் ஒரு வாரமாப் போட்டேன்.”

வீராயி அக்கா என்னைப் பார்த்தார். “விருந்தாளிக்கு வடிச்சதுன்னீக?”

“விருந்தாளி யாரும் வரலக்கா.”

“பொறவு எதுக்கு...?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் டேப்பைப் பார்த்தேன்.

“வாளி கொறையா இருந்தா... நீங்க நிக்கிறதில்லல்ல.”

சின்னையா தொண்டையைக் கனைத்துவிட்டு, “நல்லவேளை, என்னைய ஜெயில்ல போட்டிருப்பா” என்றார்.

டாக்டர் எடுத்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டு, “ஆப்ப சோடா வேணும். கடையில இருக்கிறதெல்லாம் வாங்கிட்டு வாங்க, ஓடுங்க” என்று என்னிடம் சொன்னார். ஓடினேன். இந்த வயதில், அந்த வெயிலில், அப்படி ஓடியது நானா என்று இப்போதும் நம்ப முடியவில்லை. சோடாவைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்து உள்ளே இறக்கினார்கள். நரம்பில் பாட்டில் ஏறியது. நான்தான் அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

காத்திருந்தபோது வீராயி அக்கா கேட்டார். “சோறு நல்ல சாப்பாடுதானே டாக்டரம்மா? நாம திங்கிறதுதானே?”

“நமக்கு நல்லது. மாட்டு வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க, கோடிக்கணக்குல. வைக்கலை அதுங்கதான் மெதுவாத் தின்னும். மாடு அதுங்களை வச்சுத்தான் பொழைக்குது. சோத்தை மொத்தமாக் கொட்டினா ஒரே நேரத்துல புளிச்சுப் பொங்கிடும். அதுங்க செத்துப்போகும். வைக்கல் நின்னு எரியிற கட்டை. சோறு, பெட்ரோல்.”

பிறகு மாட்டின் காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஜில்லென்று இருந்தது.

“இது சூடாகணும். தின்கிறதுல பெரும்பங்கு இந்த உடம்புச் சூட்டுக்கும் நடமாட்டத்துக்குமே செலவாகிடும். பாலா வர்றது கொஞ்சம்தான்.”

“செலவான சூடு திரும்பி வராதா?” என்று சின்னையா கேட்டார்.

“சாணி திரும்பும். வயலுக்குப் போகும், நெல்லாகும், வைக்கலாகும், மறுபடி மாட்டுக்கே வரும். சுத்திக்கிட்டே இருக்கும். சூடு அப்படியில்ல. போனா போனதுதான். தெனம் வெயில் அடிக்கணும், தெனம் புல்லு மொளைக்கணும், தெனம் திங்கணும்.”

பள்ளிக்கூடத்தில் இதைப் படமாகப் பார்த்திருக்கிறேன். புல், மான், புலி, சுற்றிச் சுற்றி அம்புக்குறி. மூலையில் ஒரு சூரியன். அதிலிருந்து வருகிற அம்பு மட்டும் திரும்பிப் போகாது. பத்தாம் வகுப்புவரை படித்தும், அது ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

என் வீட்டில் எதுவும் தொலையவில்லை. மனைவியின் அண்டா இருக்கிறது. மகளின் சைக்கிள் இருக்கிறது. கொடியில் இன்னும் அவர்களுடைய கிளிப்புகள். பொருள் எல்லாம் அப்படியே இருக்கிறது. வீடுதான் சூடாறிக் கிடக்கிறது. பழசை வைத்துச் சூடேற்ற முடியாது போலிருக்கிறது. அது தினம் புதிதாக வர வேண்டும். ஒரு வார்த்தையாவது... ‘இருக்கீங்களா’ என்றாவது.

மூன்றரை மணிக்குச் செவலை காதை ஆட்டியது. நாலரைக்கு எழுந்து நின்றது. வீராயி அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். என் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மனைவியிடம் போனில் சொன்னேன்.

“மாட்டுக்குக் கடைஞ்சு போட்டீங்களா? எனக்கு ஒரு நாள் ஒரு ரசம் வச்சுக் குடுத்திருப்பீங்களா!” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஏங்க அப்படிச் செஞ்சீங்க?”

“அரிசி வீணாப் போகுதேன்னு.”

கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் சொன்னதை அவளிடம் சொல்ல வரவில்லை. சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள். வந்தால் குழந்தையை யார் பார்ப்பார்கள்?

பேரன் ஏதோ கொட்டிவிட்டான். “அப்புறம் பேசுறேங்க” என்று வைத்துவிட்டாள்.

புதன், வியாழன், வெள்ளி. சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. நியாயம்தான். நானாக இருந்தால் இந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை நின்றது.

நான் வெளியே வந்தேன். வீராயி அக்கா வாளியின் மூடியைத் திறந்தார். முழங்கை வரை கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“தண்ணிதானா?”

“தண்ணிதான்க்கா.”

“கடையலையே?”

“இல்லக்கா. அரை டம்ளர் அரிசி களைஞ்ச தண்ணி. சத்தியமா.”

“இனிமே மத்தைக் கையில எடுத்தீகன்னா இருக்கு ஒங்களுக்கு!”

அந்த ஒரு சொம்புத் தண்ணீரைக் கேனில் ஊற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். மற்ற வீடுகளில் வாளியைக் கவிழ்த்ததும் கிளம்பிவிடுகிறார். என் வாசலில் மட்டும் இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, கையை விட்டுக் கலக்கி, என்னை நிற்க வைத்து விசாரித்துவிட்டுத்தான் போகிறார். முழுசாக இரண்டு நிமிஷம் ஆகிறது.

சந்தேகம்தான். அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்றுதான் இப்போது என் கவலை!