ஒவ்வாமை: இல்லை

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தன் உயிருக்கே ஆபத்தான மருந்தின் பெயரை ஒரு பெண் என்னிடம் சொன்னார். நான் கணினியில் ‘இல்லை’ என்று தட்டினேன். பிறகு, அவர் சொல்லவே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்... இரண்டு ஆண்டுகள்!

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் கவுண்டரில் எனக்கு வேலை. டாக்டர்கள் கையால் மருந்து எழுதுவது நின்று, எல்லாம் கணினிக்குப் போன காலம் அது. ஒத்துக்கொள்ளாத மருந்தை டாக்டர் எழுதினால் திரை சிவந்து தடுத்துவிடும் என்றார்கள். எது ஒத்துக்கொள்ளாது என்று அந்தத் திரைக்கு யார் சொல்வது? நான்தான்!

ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. ‘உண்டு’ என்றால் மேலும் நான்கு பக்கங்கள் நிரப்ப வேண்டும். ‘தெரியாது’ என்றால் டாக்டர் வந்து கையொப்பமிட வேண்டும். ‘இல்லை’ என்றால் ஒரே தட்டு.

பக்கத்துக் கவுண்டர் பிந்து முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள்: “அண்ணா, ‘இல்லை’ போட்டா மதி, அது போதும். ‘உண்டு’ போட்டா நாலு பக்கமும் ஒரு குடும்பம் மாதிரி பெட்டி படுக்கையோட இறங்கி வரும்!”

சிரித்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் ‘இல்லை’.

நீங்களும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம். எந்த மருந்து ஆகாது என்று உங்களைக் கேட்டேனா? நினைத்துப் பாருங்கள்... கேட்டிருக்கமாட்டேன்.

ஸ்டெல்லா அக்கா விழிஞ்ஞத்திலிருந்து வந்தார். மீன் விற்பவர். காலில் புண், நல்ல காய்ச்சல். நான் கேட்காமலேயே அவராகச் சொன்னார்: “மோனே, பென்சிலின் நமக்கு ஆகாது, கேட்டோ. முன்ன ஒரு தடவ போட்டு மூச்சு நின்னு போச்சு.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. “அதெல்லாம் உள்ள டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

தட்டினேன். இல்லை.

உள்ளே டாக்டர் அவரைக் கேட்கவில்லை, திரையைப் பார்த்தார். நர்ஸும் திரையைப் பார்த்தார். காய்ச்சலில் கிடந்தவர் எத்தனை பேரிடம்தான் சொல்வார்? பென்சிலின் ஏறிய சில நிமிடங்களில் முகம் வீங்கி மூச்சு அடைத்தது. எட்டு நாள் தீவிர சிகிச்சை. தொண்டையில் குழாய். பிழைத்தார்... குரல் போயிற்று. தெருத் தெருவாகக் கூவி மீன் விற்றவருக்குக் குரல் போயிற்று!

விசாரணை நடந்தது. ‘நோயாளி தெரிவிக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

வீடு திரும்பும் நாளில் மகள் என் கவுண்டருக்கு முன்னால் நின்றே அவரைத் திட்டினாள். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா என்னம்மா? மீனுக்கு வெல பேச மட்டும் ஊரே கேக்கும்!”

அவர் பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். கோழை! வேறென்ன சொல்வது?

சென்ற வாரம், அந்தக் கணினி முறை பாதுகாப்பானதா என்று பரிசோதிக்க வெளியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். தேறினால் குழந்தைகள் வார்டுக்கும் அதையே வைப்பார்களாம். இல்லாத பத்து நோயாளிகளை உருவாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். பெயர், வயது, ஆகாத மருந்து எல்லாம் தாளில் அச்சடித்து என்னிடம் தந்தார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் பதிந்தேன். ஆகாத மருந்தை வேண்டுமென்றே எழுதிப் பார்த்தார்கள். பத்து முறையும் திரை சிவந்தது. கைதட்டல்!

குழுத் தலைவி பேச்சுக்குக் கேட்டார்: “வேற ஏதாவது சொல்லணுமா அண்ணா?”

எழுந்தேன்.

“மேடம், இந்தப் பத்து பேருக்கும் நீங்க தாள்ல எழுதித் தந்தீங்க. வர்ற ஆளுங்ககிட்ட நான் கேக்கிறதே இல்ல. எல்லாருக்கும் ‘இல்லை’தான். ஸ்டெல்லா அக்கா சொன்னாங்க. எங்கிட்டதான் சொன்னாங்க.”

எங்கள் மேலாளர் என்னை உட்காரச் சொல்லிச் சிரித்துச் சமாளித்தார். “அண்ணன் அங்கோட்டு இரிக்கு! இன்னைக்கு சாயா குடிச்சில்லே?”

நான் உட்காரவில்லை. தலைவி பேனாவை எடுத்தார். என்ன எழுதினார் என்று தெரியாது.

குற்றம் என்னுடையது. மறுக்கவில்லை. ஆனால் ‘உண்டு’ என்று பதிவதை இத்தனை பாடாக ஆக்கியவர் யார்? ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சுவரில் எழுதி ஒட்டியவர் யார்? அவர்கள் பங்கையும் சேர்த்து நான் தலைகுனிய மாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. மருத்துவமனைக்காரர்களே, வேலையை விட்டு அனுப்புங்கள். ஆனால் கோப்பில் இருக்கும் அந்தப் பொய்யை அடித்துவிட்டு அனுப்புங்கள்!

பரிசோதனை நடந்த அன்று மாலையே விழிஞ்ஞம் போய் அவர் மகளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே அவர் இருந்தாரா, காதில் விழுந்ததா... தெரியாது.

மறுநாள் காலை என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். என் இடத்தில் புதிதாக ஒருவரை உட்கார வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லோரையும் பதிந்து முடித்துவிட்டாராம்.