நீலம் பாய்ந்த பன்னிரண்டு தண்டுகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் டைட்டானியம் தூளில் போரான் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, காற்றை உறிஞ்சி எடுத்த உலையில் சுட்டு, வெறும் டைட்டானியத்தைவிட உறுதியான தண்டு செய்கிற பட்டறையைத் தனி ஆளாக உண்டாக்கினேன். படித்தவர்கள் என் வாசலில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஆனால் இது என் உலைக்காரனின் கதை. அவன் என் மனைவியின் தம்பி.

இருபது வருஷம் அந்த உலையோடு கிடந்தான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் குக்கர் ரப்பரைத்தான் முதலில் தடவிப் பார்ப்பான் என்று அவன் அக்காள் கேலி செய்வாள். உலைக் கதவின் ரப்பர் வழியே காற்று கசிந்தால், சூட்டில் இருக்கும் டைட்டானியம் அதைக் குடித்துவிட்டுக் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

முதல் பெரிய ஆர்டர் பன்னிரண்டு தண்டுகள். மறுநாள் லாரி ஏற வேண்டும். வெள்ளியாக வரவேண்டியவை லேசான நீலத்தோடு வந்தன.

"மாமா, இது ஆகாது. நல்ல சூட்டுல இருக்கும்போதே காத்து மீட்டர் முள்ளு ஆடுச்சு."

"ஆறும்போது பட்ட காத்துடா. மேல்தோல்தான். பாலிஷ் போட்டா போயிடும்."

"மூஞ்சில பட்ட கரின்னா துடைச்சிடலாம். இது எலும்புக்குள்ள போயிடுச்சு."

"டாக்டர் வந்துட்டாரு" என்றேன். பட்டறையே சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. "ஒண்ணை வளைச்சுப் பாருங்க. வளைஞ்சா அனுப்புங்க, நான் வாயே திறக்கல."

ஒரு தண்டை மேஜையில் பூட்டிய வைஸ் பிடியில் இறுக்கி, முனையில் நாலடிக் குழாயைச் சொருகினேன். என் இழுப்புக்கு ஈடு கொடுக்க அங்கே ஆள் கிடையாது. விரிசல் எங்கே விழுகிறதென்று பார்க்க அவன் குனிந்தான். பாதுகாப்புக் கண்ணாடியைப் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். அவனைத் தோற்கடிக்கிற அவசரம் எனக்கு. ஒரே இழுப்பு. தண்டு வளையவே இல்லை, பட்டென்று தெறித்தது. ஒரு சில்லு அவன் இடது கண்ணில் போய் நின்றது.

கண்ணை எடுத்துவிட்டார்கள். மிச்சம் பதினொன்றையும் நானே கழிவில் கொட்டினேன். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. அடுத்த வருஷமே வேறு பத்து பிடித்தேன், அதெல்லாம் எனக்குப் பெரிய காரியமில்லை. என் மனைவிதான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

மூன்றாம் மாதம் மச்சினன் வேலைக்கு வந்தான். உலை திறந்ததும் வழக்கம்போல, "என்ன நிறம், மாப்ளே?" என்று கேட்டேன்.

"நீங்களே பாருங்க மாமா. உங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே."

குனிந்து பார்த்தேன். வெள்ளியா நீலமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.