பதினாலாம் நம்பர் வீட்டுச் சாய்தளம்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். டிப்ளமோ மெக்கானிக்கல். ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா பலாமரத்திலிருந்து விழுந்தபோது, மரத்தில் என்னவோ இருந்து தள்ளிவிட்டது என்று தெருவே பேசியது. கிளை ஈரமாக இருந்தது, கால் வழுக்கியது, அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தியவன் நான். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாது. சக்கர நாற்காலிதான். சிறுநீருக்குக் குழாய் போட்டு, தொடையில் பை கட்டியிருக்கும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பிரஷர் எகிறும், தலை வலிக்கும், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். உடனே அடைப்பை எடுக்காவிட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம் என்று டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அதற்காகவே ஒரு நீல டப்பா வைத்திருந்தோம். உள்ளே சலைன், பெரிய சிரிஞ்சு, கையுறை, புதுக் குழாய். அடைப்பு எடுக்க நானும் கற்றுக்கொண்டேன். கால்தான் போனதே தவிர அப்பாவின் கை சும்மா இருக்காது, நாளெல்லாம் வயர் கூடை பின்னுவார். எங்கள் மந்தாரக்குப்பத்தில் பச்சையும் வெள்ளையும் கலந்த கூடையோடு யார் போனாலும், அது அப்பா போட்டதாகத்தான் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, நான் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தபோது, அப்பாவுக்குக் கடலைக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். விழுவதற்கு முன் எப்போதோ மாசி மகத்துக்குப் போனதோடு சரி. எங்கள் குடும்பம் டூர் என்று கிளம்பியதே அதுதான் முதல் தடவை. அப்பா, அம்மா, தங்கச்சி தேவி, நான். வேன் ஓட்டியது பாஸ்கர் அண்ணன். தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி தங்கல்.

தொடக்கத்திலிருந்தே எல்லாம் தகராறு. வீல்சேர் தாராளமாகப் போகும் என்று போனில் சொன்ன லாட்ஜில் வாசலிலேயே ஐந்து படி. கேட்டால், "அஞ்சு படிதானே சார்" என்றான் அந்த ஆள், ஏதோ நான்தான் பெரிதுபடுத்துகிற மாதிரி. பாத்ரூம் கதவு நாற்காலியை விட நாலு விரல் குறுகல். அப்பா அதையும் சிரித்துத்தான் பேசினார்: "என்னைப் பாத்து பயந்துகினு கதவு சுருங்கிடுச்சிடா." மறுநாள் மணலில் முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர் ஓடிவந்து, அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அலை வந்து தொடுகிற இடத்தில் வைத்தார்கள். தண்ணீர் வந்து அவர் காலை மூடியது. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு தேவியிடம் கேட்டார்:

"ஜில்லுனு இருக்குதாம்மா?"

"ஜில்லுனு இருக்குதுப்பா."

அதற்கு அவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைத்தான் தேவி போனில் படம் எடுத்தாள். அந்தப் படம் பின்னால் வரும்.

திரும்பும்போது வடலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆறரை இருக்கும். அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"டேய் குமரேசா, அப்பாவுக்கு வேர்த்துகினே இருக்குதுடா. மழையில இன்னாத்துக்குடா வேர்க்குது?"

பையைத் தொட்டேன், காலி. அவர் அடிவயிறு கல் மாதிரி இருந்தது. "தலை, தலை" என்றார் அப்பா. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். டப்பா இல்லை. லாட்ஜ் ஜன்னல் திட்டில் அதை வைத்தது என் கைதான், எடுக்க மறந்ததும் என் கைதான். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பேச்சியம்மாள் அக்காவுக்குப் போன் போட்டேன். தென்காசிப் பக்கத்துக்காரர், நர்ஸ். மைன்ஸ்காரர்களுக்குக் கட்டிய நகரியத்தில் குவார்ட்டர்ஸ். எனக்குக் குழாய் கழுவக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். "ஆஸ்பத்திரிக்கு முன்னாடி என் வீடு வந்துரும், நேரா இங்க வாங்க தம்பி. எல்லாம் இருக்கு. ரவுண்டானா தாண்டி மூணாவது திருப்பம், பதினாலாம் நம்பர். வாசல்லயே நிக்கேன்" என்றார்.

எங்கள் நகரியத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தெருவெல்லாம் ஒரே அளவு, வீடெல்லாம் ஒரே அச்சு, வாசல் மரம்கூட ஒரே வரிசை. இருபது வருடம் குடியிருந்தவரே ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்து, பக்கத்துத் தெருவில் அதே நம்பர் வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருப்பார். எங்களுக்கு அது வாடிக்கையான தமாஷ். அன்று மழையோடு கரண்ட்டும் போயிருந்தது. "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்குற ஊர்ல கரண்ட்டு இல்ல பாரு" என்று திட்டிக்கொண்டே பாஸ்கர் அண்ணன் திருப்பத்தை எண்ணித்தான் திருப்பினார். மூன்றா நான்கா, இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. டார்ச் அடித்தேன். 14. கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு விளக்கு.

வாசலில் சாய்தளம் இருந்தது. கடவுளே என்று இருந்தது எனக்கு. முன்சக்கரம் இல்லாத நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து, இரண்டு பெரிய சக்கரத்திலேயே மேலே தள்ளினேன். சிமெண்ட்டில் குறுக்கும் மறுக்குமாகக் கயிறு பதித்த வரி, மழையிலும் செருப்பு வழுக்கவில்லை. நர்ஸ் வீடு, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே அக்கா இல்லை. ஒரு ஆள் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வேட்டி, தலையில் துண்டு. பிறகு என்ன செய்தார் தெரியுமா, நம்பினால் நம்புங்கள், ஓடிப்போய்ச் சுவரோரம் சாய்த்திருந்த ஒரு போட்டோவை எடுத்து முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. பழுப்பு அட்டை, மாட்டுவதற்குப் பச்சையும் வெள்ளையுமாக முறுக்கிய கூடை வயர். அதன் முன்னால் ஒரு அகல் விளக்கு, ஒரு சொம்புத் தண்ணீர். கரண்ட் போனதால் விளக்கு என்று விட்டுவிட்டேன். அப்பா உயிர் என் கையில் இருக்கும்போது அதையெல்லாம் யார் யோசிப்பது?

"கட்டில்ல போடு. இடது பக்கமா திருப்பு, வலது தோள் தாங்காது" என்றார். அழுது கட்டின தொண்டை மாதிரி இருந்தது. வலது தோள் தாங்காது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அக்கா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்தார். ஒரே மாதிரி மூன்று நீல டப்பா. ஒன்றை எடுத்து நீட்டினார்.

சலைனை ஏற்றினேன், போகவில்லை. மறுபடி ஏற்றினேன். "இன்னா ஆச்சு, இன்னாடா ஆச்சு?" என்று அம்மா. "பொறுமையா இழு. வரும்" என்றார் அவர், என் காதுக்குப் பக்கத்தில். இழுத்தேன். மாவு மாதிரி ஏதோ வந்தது, அதன் பின்னால் சிறுநீர் கொட்டியது. பை நிரம்ப நிரம்ப அப்பாவின் முகம் இறங்கி, மூச்சு சீரானது. தேவி அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

என் போன் அடித்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க? நான் மழையில வாசல்லயே நிக்கேன்!"

"உங்க வூட்லதான்கா இருக்கோம். அடைப்பு எடுத்தாச்சு."

"என் வீட்லயா? என்ன பேசுதீங்க தம்பி?"

திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் கட்டிலின் கால்மாட்டில் குந்தி, அப்பாவின் இரண்டு பாதத்தையும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். தலைத்துண்டு சரிந்து கிடந்தது. மொட்டைத் தலை. புதிதாக எடுத்த மொட்டை. ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்தேன். விளக்கு அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"நீங்க யாருங்க?" என்றேன்.

எழுந்துகொண்டார். "மழை வுட்டுடுச்சு. கௌம்புங்க" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா இருப்பா, மவராசனா இருப்ப" என்றாள். அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் நாற்காலியை வாசல் வரைக்கும் தள்ளியபோது பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"டப்பாவ மறக்காத. எங்க போனாலும் மறக்காத."

அக்கா வீடு அடுத்த தெரு. பிரஷர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நாங்கள் போன வீட்டை அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வேனில் அப்பா மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் புள்ள காலப் புடிச்சுது இல்ல, எனக்குத் தெரிஞ்சுதுடா."

"பாத்திருப்பப்பா."

"பாக்கல. கண்ண மூடிகினு இருந்தேன். கை சூடு தெரிஞ்சுது."

அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கால்களில் அவருக்கு எதுவும் தெரிந்ததில்லை. கடல் தண்ணீரே தெரியவில்லையே.

மறுநாள் காலையில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். ஒவ்வொரு தெருவிலும் பதினாலாம் நம்பரைத் தேடினேன். ஒன்று அக்கா வீடு. ஒன்றில் பிள்ளைகள் நிறைந்த குடும்பம். இன்னொன்று பூட்டிக் கிடந்தது, முழங்கால் உயரம் புல். எதிர்வீட்டுக்காரர், "இங்க இருந்தவரு ரிட்டயர்டு ஆகி வூட்டைக் காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சுங்க தம்பி" என்றார். சாய்தளம் பற்றிக் கேட்டதற்கு, "எங்களோடது எல்லாமே மூணு படிதாங்க" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று படிதான் இருந்தது. ஆனால் மழை ஈரத்தில், கேட்டிலிருந்து இரண்டு சக்கரத் தடம் புல்லை நசுக்கிக்கொண்டு நேராகப் போய் அந்த முதல் படியில் முட்டி நின்றது. பழப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இருட்டு, பதற்றம், வேறு வீடு, வேறு தடம் என்று எனக்கு நானே எத்தனையோ சொல்லிக்கொண்டேன். முக்கால்வாசி நம்பியும் விட்டேன்.

போன வருடம் எனக்குப் பெர்மனன்ட் ஆனது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய தாளில் தெருப் பெயர் இருந்தது, நம்பர் இருந்தது. பதினாலு. அந்தப் பூட்டிக் கிடந்த வீடு. வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கப் போனேன். ஆனால் தரைத்தளம், ஆஸ்பத்திரி பக்கம், விட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ தெரியாது. அப்பாவோ சேதி கேட்டு அக்கம்பக்கமெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டார். அவரிடம் என்னவென்று சொல்வது?

அனுமதி வாங்கிச் சாய்தளம் போட்டோம். மேஸ்திரியிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், ஈரச் சிமெண்ட்டில் பழைய கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். "சக்கரம் வழுக்காது சார்" என்றார். அன்றே நான் போய் மூன்று நீல டப்பா வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று ஆபத்துக்கு. வாங்கி அலமாரியில் வரிசையாக வைத்த பிறகுதான் அந்த மூன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது அப்பாவோடு தெருமுனைக்குப் போனாலும் டப்பா என் தோளில் இருக்கும். அம்மா கிண்டல் பண்ணுகிறாள்.

கல்யாணமாகிப் போன தேவி இந்த மாதம் வந்தாள். அந்தக் கடற்கரைப் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டுக் கொண்டுவந்தாள். அலைக்கு நடுவில் அப்பா சிரிக்கிறார். நான் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்த்தேன். பழுப்பு அட்டை. மாட்டுவதற்கு வெறும் சணல் கயிறு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு நிம்மதி. "போட்டோவோட முன்பக்கத்தைப் பாருண்ணா" என்று சிரித்தாள் தேவி.

நேற்று காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா ஹாலில் நாற்காலியில் இருந்தார், மடியில் அந்த பிரேம் கவிழ்ந்து கிடந்தது. அறுத்துப் போட்ட சணல் தரையில். கூடைக்கு வைத்திருந்த வயரில் பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று எடுத்து முறுக்கி, கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"சணல் எத்தினி நாளைக்குடா தாங்கும்?" என்றார் என்னைப் பார்த்து. "இது நான் போனாலும் அறுந்துபோவாது."