எனக்குப் பூசிய எண்ணெய்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதினால் ஒரு பம்பரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று பயம். பம்பரத்துக்குச் சொந்தக்காரன் என் கூட்டாளி, ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மகன். இன்றைக்குக் கல்லாவில் அவன்தான் உட்காருகிறான். தொப்பையும் வந்துவிட்டது. ஆனாலும் நான் கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டு போய் அவன் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பம்பரத்தைக் கேட்கிறான். சாகப்போவதாகச் சொல்லி அவனிடம் அதை ஏமாற்றி வாங்கினேனாம். சாகப்போகிறேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது மூன்றாம் வகுப்பு. டைபாய்டு. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டு வாசலைக் கண்டதும் அது மறுபடி ஏறிக்கொண்டது. போன் செய்து கேட்டதற்கு, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்களாம். கார் மறுநாள் காலைக்குத்தான் கிடைத்தது. அதற்குள் அம்மாவுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. பங்குச் சாமியாரை வரவழைத்து எனக்கு எண்ணெய் பூச வேண்டும்.

எங்கள் மாதா கோயிலில் அதற்கு நோயில் பூசுதல் என்று பெயர். எங்கள் தெருவில் பழைய பெயர்தான், அவஸ்தை பூசுவது. ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் சாமியாரின் பைக் எங்கள் தெருவுக்குள் வந்தால், பந்தல் போடுகிறவர் வீட்டுக்குள் போய்க் கம்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். கடைசி மூச்சு இழுக்கிறபோதுதான் யாரும் சாமியாரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து பூசிவிட்டுப் போவார், பின்னாலேயே கோயிலில் துக்க மணி அடிக்கும். அதனால் எண்ணெய்தான் ஆளைக் கொண்டுபோகிறது என்று பாதித் தெரு நம்பியது. அந்தப் பாதிக்குத் தலைவர் எங்கள் அப்பா.

அப்பா பிறந்த வீட்டில் யாரும் வேதக்காரர் கிடையாது. அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். கோயிலில் அவர் இடம் கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில். பிரசங்கம் நீண்டால் உளுந்துக்கு மழை வருமா என்று வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். அன்றைக்கு அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றது நான் படுத்திருந்த கட்டிலிலிருந்தே தெரிந்தது.

"பூசுனவியள்ல யாருட்டி எந்திச்சு நடந்தாவ? ஒரு ஆளச் சொல்லு."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஆயர் கைவைத்து மந்திரித்த எண்ணெய், அதைப் பூசாமல் பிள்ளையைக் காரில் ஏற்றமாட்டேன் என்று மட்டும் அம்மா சொன்னாள். சத்தம் போட்டுச் சொன்னால் அப்பா பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள். அப்பா வாசலைவிட்டு விலகினார்.

சாமியார் மத்தியானம் வந்தார். பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தார், நெற்றிப் பொட்டு வைக்கிற டப்பா அளவு இருக்கும். உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. ஜெபம் சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் என் நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு சிலுவை. நான் கையை மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு சென்ட் வாசனையாவது இருக்கவேண்டாமா?

"சாமி, இது மணக்கவே இல்லயே."

அவர் சிரித்துவிட்டார். "மணக்கிற எண்ணெ வேறலே. அது பெரிய பிள்ளயளுக்கு உறுதிபூசுதல்ல ஆயர் வந்து பூசுவாரு. அதுக்கு நீ எந்திச்சு வரணும்."

போகும்போது அப்பாவிடம், இது ஆளை அனுப்பி வைக்கிற எண்ணெய் இல்லை, எழுப்பி விடுகிற எண்ணெய் என்று விளக்கினார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். பிரசங்கத்துக்கு ஆட்டுகிற அதே ஆட்டு.

பைக் தெருவைத் தாண்டியதும் என் ராஜயோகம் ஆரம்பித்தது. முதலில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார். வாய்ப்பாடு சொல்லாததற்காகக் காதைத் திருகியவர், அந்தக் காதையே தடவிக் கொடுத்தார். அடுத்து அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா வேதத்துக்கு மாறியதிலிருந்து எங்கள் வாசல் மிதிக்காதவள். முந்தியில் விபூதி முடிந்து கொண்டுவந்திருந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், அங்கே எண்ணெய் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு என் தொப்புளுக்கு மேலே பூசினாள். அம்மா அதைக் காணாதவள்போல் அத்தைக்குக் காப்பி போடப் போனாள். வந்தவர்கள் எல்லாரும் தின்பதற்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். எனக்குக் கஞ்சி தவிர எதுவும் ஆகாது. தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்தேன்.

கூட்டாளி கடைசியாக வந்தான். அந்தப் பம்பரம் அவன் உயிர். திருவிழாவில் வாங்கிய பச்சைப் பம்பரம், யாரையும் தொடவிடமாட்டான். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வச்சுக்கோலே" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அப்பாவிடம் சைக்கிள் கேட்டேன். வழக்கமாக அவர், மழை பெய்யட்டும் பார்ப்போம் என்பார். எங்கள் கரிசலில் அதற்குக் கிடையாது என்று அர்த்தம். அன்றைக்கு, "வாங்கிருவோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த எண்ணெய் மகா சக்தி உள்ளது என்று அப்போதுதான் முடிவுக்கு வந்தேன்.

பொழுது சாயும் நேரம் அம்மா கோயிலில் மெழுகுதிரி ஏற்றப் போனாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வாசலை ஒருதடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை என் நெற்றியில் வைத்து, அந்தச் சிலுவையை அப்படியே வழித்தெடுத்தார். வழித்தெடுத்ததைத் தன் நெற்றியில் அழுத்தித் தேய்த்தார். விரலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, என் நெற்றியை மறுபடி துடைத்து மறுபடி தேய்த்துக்கொண்டார். அதோடு விட்டாரா? என் கைகளை எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். அவர் கை களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கை. எனக்கு எரிந்தது. வயிறும் எரிந்தது.

"எப்பா, அது எனக்குப் பூசுனது. ஒங்களுக்கா காய்ச்சலு?"

"இனி இது எனக்குள்ளதுலே. நீ ஒறங்கு."

மறுநாள் பாளையங்கோட்டை, ஊசி, குளுக்கோஸ். பிழைத்துக்கொண்டேன். எண்ணெயால்தான் என்று அம்மாவும், ஊசியால்தான் என்று வாத்தியாரும் சொன்னார்கள். தன் விபூதி என்று அத்தை சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்தவைதான் விசித்திரம். மாட்டுக் கொட்டில் கூரையை மாற்றிக் கட்டினார். எந்தச் சாக்கில் விதை உளுந்து, எந்தக் காளைக்கு எந்தப் பக்கம் நுகத்தடி என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தார். அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மழைக்குக் காத்திராமல் சைக்கிளும் வாங்கிவிட்டார். வெளியூருக்கு வேலைக்குக் கிளம்புகிறார்போல என்று நினைத்துக்கொண்டு நான் சைக்கிள் ஓட்டினேன். பிறகு மழை இறங்கியது. அப்பா ஏரைப் பூட்டிக்கொண்டு போனார். விதைப்பு வேலையில் செத்துப்போவது அவருக்கு மறந்துவிட்டது. இன்றைக்கும் ஆள் கல்லுமாதிரி இருக்கிறார்.

ஏழாவது படிக்கும்போது ஆயர் வந்து எனக்கு உறுதிபூசுதல் கொடுத்தார். அந்த மணக்கிற எண்ணெய். கோயிலே மணத்தது. வெளியே வந்ததும் அப்பா செருப்புகளைத் தாண்டி வந்து என் நெற்றியருகே குனிந்து மோந்து பார்த்தார். நான் பழைய ஞாபகத்தில் நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"எடுக்க மாட்டேன்லே. இது ஒனக்குள்ளது."

யார் நெற்றியில் இருக்கிறதோ அவரைத்தான் அந்த எண்ணெய் கூட்டிக்கொண்டு போகும் என்று நம்பியவர் அவர். நம்பிக்கொண்டேதான் வழித்தெடுத்திருக்கிறார். அந்தச் சாயங்காலம் கட்டிலில் கிடந்த பயலுக்கு அது எங்கே தெரிந்தது? எனக்குக் கிடைத்ததில் அப்பாவும் பங்குக்கு வந்துவிட்டார் என்று அழுதுகொண்டே, பம்பரத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

எழுதி முடித்ததும் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வழக்கமாக உடனே திட்டுவான். கடையில் கூட்டமோ என்னவோ, வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது:

"பம்பரத்த நீயே வச்சுக்கோலே."