வேட்டிக்குப் போட்ட நீலம்

எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டிய ஓடை மலையிலிருந்து இறங்கி, ஊருக்குள் புகுந்து, ஏரிக்குப் போகிறது. அதைச் சீரமைக்க அரசு நிதி கிடைத்ததில் அப்பாவின் பங்கு பெரிது. தெருச் சங்கத்தின் செயலாளராக அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதை நான் பள்ளிச் சீருடை அணிந்த காலத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். நிதி வந்ததும் சேறு அள்ளினார்கள். கரைக்குக் கல் பதித்தார்கள். நடைபாதையும் புங்கங்கன்றுகளுமாக ஒரு பூங்கா உருவானது. கரையோர வீடுகள் அனைத்தும் கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைக்க வேண்டும் என்பது நிபந்தனை. “இது நம்ம வரிப்பணங்க, ஒரு சொட்டு அழுக்குத் தண்ணிகூட எறங்கக் கூடாது” என்று அப்பாவே வீடு வீடாகச் சொல்லி வந்தார்.

எங்கள் குளியலறைக் குழாய் மட்டும் ஓடையில்தான் விழுந்தது. குளியலறைத் தரை தெருவைவிடத் தாழ்ந்தது. இணைப்புக் கொடுப்பதற்கு அதை இடித்து உயர்த்த வேண்டும். திறப்பு விழா முடியட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டார். குழாயின் வாயை மறைத்துக் கல் பதித்தவர்களிடம், நீர் போக இடைவெளி விடும்படி அவர் சொன்னது மாடியில் நின்ற எனக்குக் கேட்டது.

சில வாரங்களில் பூங்கா வாசலருகே நாற்றம் எழுந்தது. அங்கே தள்ளுவண்டியில் இட்லி விற்ற அக்காவின்மீது பழி விழுந்தது. சங்கக் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள்தான் ஓடையில் ஊற்றுகிறாள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்பா சங்கக் குறிப்பேட்டைப் பிரித்தார். பிறகு, “சரி, வேற எடம் பாத்துக்கச் சொல்லிடலாம்” என்றார். நான் காபித் தட்டுடன் நின்றிருந்தேன். டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் கல்லூரிக்குப் போகும் வழியில் வழக்கம்போல் அவளிடம் சாப்பிட்டேன். “கழுவுன தண்ணிய பக்கெட்ல புடிச்சு ரோட்டுக் காவாயிலதான் ஊத்துறேன். யாருகிட்ட போயி சொல்றது பாப்பா?” என்றாள். தட்டில் இருந்த இட்லி முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்தேன். அந்த வாரமே அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா மேடைக்குக் கட்டவிருந்த வேட்டிக்கு நீலம் போடும் வேலை எனக்கு வந்தது. மிஞ்சும் தண்ணீரை வாசல் சாக்கடையில் ஊற்றுவதுதான் வழக்கம். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். கனமான வாளி, குளியலறை பக்கத்தில் இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாசலும் பக்கத்தில்தான் இருந்தது.

மாடிக் கொடியில் வேட்டியை விரித்தபோது கீழே பார்த்தேன். பதித்த கற்களின் இடுக்கிலிருந்து நீலம் கசிந்து, ஆழமற்ற நீரில் அகன்று, பூங்கா வாசலை நோக்கி மெதுவாக நகர்ந்தது. தோரணம் கட்டிக்கொண்டிருந்த சங்கத்தார் அதைப் பார்த்தார்கள். எங்கள் சுவரைப் பார்த்தார்கள். பிறகு, வேட்டியின் நுனியைப் பிடித்தபடி நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் அப்பாவும் இருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “தெரிஞ்சுதான் ஊத்துனியா?”

“மொதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்பா.”

மறுநாள் மேடையில் அப்பாவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்த கையோடு குளியலறையை இடித்தோம். கூட்டத்தன்று நான் வாய் திறந்திருந்தால் அக்கா இடத்தை இழந்திருக்க மாட்டாள்; அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அவரும் ஊர் முன்னால் தலைகுனிந்திருக்க மாட்டார். நான் பேச வேண்டியதைத் தண்ணீர் பேசட்டும் என்று விட்டேன்.

செங்கம் சாலையில் ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் அக்காவைக் கண்டுபிடித்தேன். நாற்றம் எங்கள் வீட்டுடையது என்றும், அது எனக்கு முன்பே தெரியும் என்றும் சொன்னேன். அவள் இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா வேட்டிக்குப் போட்ட தண்ணியில ஓடையே நீலமா போச்சாமே, அன்னிக்கே சொன்னாங்க. உனக்கு முன்னாடியே தெரியும்னு மட்டும் யாரும் சொல்லல.”

பழைய இடத்துக்குத் திரும்ப முடியாதா என்று கேட்டேன். வாசலில் கடை போடக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்களாம். “இங்க ஏவாரம் கம்மிதான்” என்றாள். சட்னியை ஊற்றிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“வேட்டி நல்லா வெளுத்துச்சா?”

வெளுக்கவில்லை. நீலம் ஜாஸ்தியாகி, திட்டுத்திட்டாகப் பிடித்துவிட்டது. அதைச் சொல்வதற்குள் அவள் தட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.