ஆணியில் தொங்கும் வார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே, உங்களில் பலர் எங்கள் அண்ணனின் கன்னத்தை அறிவீர்கள். மழையோ, வேலைநிறுத்தமோ, துக்க வீடோ, நோயில் விழும்வரை அது ஒரு நாளும் முள்ளாக இருந்ததில்லை.

அண்ணன் பிறந்தது இராயபுரத்தில், மாதா கோயில் மணி தலைக்கு மேலே அடிக்கும் சந்தில். கடலுக்குப் போன அப்பா திரும்பாதபோது பள்ளியை விட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பிறகு கிரேன் பட்டறையில் சேர்ந்தார், தங்கையான என்னைப் படிக்கவைத்தார். அப்பா விட்டுப்போனது ஒரு சவரக்கத்தி. அதை இழுத்துத் தீட்டத் தோல் வார் வேண்டுமே. பட்டறையில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டில் கொஞ்சம் தோல், கப்பலில் வீசியெறிந்த தீயணைப்புக் குழாயில் அதே நீளம் கித்தான். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, வலை நூலால் தைத்து, பித்தளை வளையம் கோத்தார்.

மணமாகித் திருவொற்றியூருக்குக் குடிபோன பிறகு, வாரின் தோலில் பூச, கத்திக்குக் கூர் ஏற்றும் மாவு தேடினார். கொடித்துணியில் எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்து படியும் சாம்பலை வழித்து, எண்ணெயில் குழைத்துத் தேய்த்தார். சாம்பலைச் சல்லடையில் சலிக்கவில்லை. மறுநாள் கத்தி பல்லிளித்தது. கன்னமெல்லாம் வெட்டுக்காயத்தில் ஒட்டிய காகிதத் துணுக்கோடு வேலைக்குக் கிளம்பினார்.

"இன்னாய்யா, பூனையாண்ட சண்ட போட்டியா?" என்றார் அண்ணி.

"சாம்பல்ல கல்லு கீது. உன் பழைய பொடவ ஒண்ணு குடு, சலிக்கணும்."

"என் பொடவதான் கெடச்சுதா? உன் லுங்கியக் கிழி."

கிழிந்தது புடவைதான்.

அன்றிலிருந்து காலைதோறும் வாரில் கத்தி சளக், சளக். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணி வெந்நீர்ச் சொம்போடு வருவார். கூப்பிட வேண்டியதில்லை.

நோயில் கை நடுங்கியது, தாடி வளர்ந்தது. "பாப்பா, இந்த மூஞ்சியோட என்னப் பொட்டில வெச்சிடாதீங்க" என்றார் என்னிடம். வேறெதுவும் கேட்கவில்லை.

அவர் பிரிந்த காலையில் சவரம் செய்ய வந்தவர், கத்தி மழுங்கியிருக்கிறது என்றார். வாரை நான் இழுத்துப் பிடிக்க, அவர் தீட்டினார். சளக், சளக். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து உள்ளே போனார். ஆவி பறக்கும் சொம்போடு வந்து, "தண்ணி காஞ்சிடுச்சு, எட்த்துக்கோ" என்றார். பிறகுதான் சவப்பெட்டியைப் பார்த்தார்.

ஓராண்டாகிறது. வார் அதே ஆணியில் தொங்குகிறது. கடற்காற்றில் சுவரோடு சளக், சளக் என்று அடித்துக்கொள்கிறது. அது கேட்டதும் அண்ணி வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைக்கிறார். "அதக் கழட்டிக் கடல்ல போடு. அவங்களுக்குப் புத்தி பேதலிச்சிடும்" என்றார் என் கணவர். பயம் எனக்கும்தான். இராயபுரத்தில், என் வீட்டில், காற்றே இல்லாத காலையிலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. போன வாரம் கழற்றப் போனேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "இன்னா பாப்பா, பேஜாரு பண்ற? ஆளு இல்லன்னு எனக்குத் தெரியாதா? சுடுதண்ணிதானே. நான் மூஞ்சி கழுவிக்கிறேன்."

அண்ணனின் கன்னத்தைப் பழையபடி ஆக்கித் தந்தவருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத தெருவுக்கும் எங்கள் நன்றி. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஆணியில் சட்டையை மாட்டிவிடாதீர்கள். சத்தம் கேட்டால், சொம்பு வரும் வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.