கன்னத்தில் அடக்கிய மாத்திரை

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீசியன். காய்ச்சல் என்று வருகிறவர்களின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மலேரியாக் கிருமி தெரிகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தெரியாது. வருடக்கணக்காகத் தெரியவில்லை. இந்தக் குளிரில் நோய் பரவ வழியில்லை, கீழே சமவெளியிலும் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. மலேரியா ஒழிப்பை நெருங்கிவிட்டோம் என்று கூட்டத்தில் மேலதிகாரிகள் சொல்லும்போது நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுவேன். பிறகு என் அறைக்கு வந்து, இல்லாத ஒன்றைக் குனிந்து தேடிக்கொண்டிருப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் தாராபுரம் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தை பேச வாய்ப்பிருக்காது. திங்கட்கிழமை முதல் ஆளிடம் “கையக் காட்டுங்க” என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும். ஒரு பெண் இதையெல்லாம் வெளியே சொன்னால் பாவம் என்பார்கள், அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது.

அரவேணு பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து அந்தப் பெண் வந்தது போன வருடம் மழைக்காலத்தில். ஜார்க்கண்ட்காரி. புருஷன் குந்தாவில் கட்டட வேலைக்குப் போய்விட, அவள் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் தனியாக இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து பறித்தாள். பக்கத்து அறை அம்மாள் ஒரு கம்பளியைப் போர்த்தி அவளைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாள் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்குதுங்க. புள்ளைக்கு எந்திரிக்கவே ஏலாது” என்றார்.

கொழுந்து பறிக்கிற விரல்கள் கறையேறிக் காய்த்திருக்கும், குத்தினால் சுலபத்தில் ரத்தம் வராது. அவள் விரலையும் பிதுக்கித்தான் எடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், மோதிரம் மோதிரமாக, இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒருத்தி வெளியே பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருக்கிறாள், எனக்குச் சந்தோஷம்! அத்தனை நாள் வெறும் கண்ணாடியைப் பார்த்தவளுக்குத்தான் அது புரியும்.

ஊருக்குப் போய் வந்தபோது ஒட்டிக்கொண்டு வந்த மலேரியா அது. காய்ச்சலை அடக்க முதலில் சில நாள் மாத்திரை. அதோடு, ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமியைக் கொல்ல இரண்டு வாரத்துக்கு வேறொரு மாத்திரை. டாக்டர் வேண்டிய சோதனைகளைச் செய்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கண்முன்னால் விழுங்க வைக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற ஊழியர் இடம் காலியாக இருந்தது. “நான் போறேங்க” என்றேன். கடமையுணர்ச்சி என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் பஸ் பிடித்து லயத்துக்குப் போனேன். அவள் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, சிரிப்பாள். என்னை அக்கா என்பதற்கு ‘தீதி’ என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் பக்கத்து அறை அம்மாள் கொடுத்தது, ஆகையால் ஜார்க்கண்ட் வாயில் இலங்கைத் தமிழ் வரும். “குளிர் தாங்க ஏலாது தீதி” என்பாள். வருகிற வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். எனக்காக ஒருத்தி கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள் என்பது பழக்கமில்லாத விஷயம்.

ஒருநாள் பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அவள் எதிர்பார்க்காத நேரத்தில் அறைக்குள் போனேன். அடுப்பு மேடையில் ஒரு பேப்பரில் மாத்திரைகள் காய்ந்துகொண்டிருந்தன. சாயம் கரைந்து, ஓரம் மழுங்கி, நான் தினமும் கொடுத்த அதே மாத்திரைகள். ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் புகையிலைத் தூளைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் உண்டு. அடக்கிக்கொண்டே தண்ணீர் குடிப்பார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். அதே இடத்தில் என் மாத்திரையையும் அடக்கியிருக்கிறாள்.

“ஏ அம்மிணி, இதென்ன வேலை?” என்று கத்தினேன்.

அவள் கையை முழங்கால் உயரத்துக்குக் காட்டினாள். “மகளுக்கு தீதி. ஊருல மாமியார்கிட்ட இருக்கு. மழை வந்தா அதுக்கும் இந்தக் காய்ச்சல்தான். எனக்குத்தான் நடுக்கம் நின்னுருச்சே. லீவுல போறப்ப கொண்டு போவேன்.”

எனக்குக் கோபம் அடங்கவில்லை. “நடுக்கம் நின்னா ஆச்சா? உனக்குள்ள அது தூங்கிட்டிருக்குது. நீ முழுங்கலீன்னா மறுபடியும் எந்திரிக்கும். நீ அதோட ஊருக்குப் போனீன்னா, அங்க கொசு உன்னையக் கடிச்சு அப்புறம் உன்ற மகளக் கடிக்கும். மருந்து கொண்டு போறேன்னு நோவத்தான் கொண்டு போவ. பெரியவிய மாத்திரைய அந்தக் குழந்தைக்குக் குடுத்தா ரத்தமே கெட்டுப் போயிரும், தெரியுமா?”

அவள் அழவில்லை. “அப்ப அவளுக்கு யாரு குடுப்பா?” என்றாள்.

 நிலையத்துக்கு வந்து மேலதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் ஜார்க்கண்டில் கேட்டு, கடைசியில் அவள் ஊர்ப் பக்கத்துச் சுகாதார ஊழியர் ஒருத்தியின் நம்பர் கிடைத்தது. மறுநாள் லயத்து வாசலில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று, எனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில் பேசினேன். அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாக இருந்தது. இந்த மழைக்கும் வீடு வீடாகப் போய்ச் சோதித்தாளாம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. கொசுவலை கொடுத்தாயிற்று, காய்ச்சல் என்றால் மருந்து தன் பையிலேயே இருக்கிறது. “முன்பெல்லாம் வீட்டுக்கு ஒருவர் படுத்திருப்பார்கள். இப்போது நான்தான் நோயைத் தேடி அலைகிறேன்” என்று சிரித்தாள். முகம் தெரியாத அவளை எனக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. பிறகு குழந்தையைக் கூப்பிட்டுப் பேச வைத்தாள். இவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள், இப்போதுதான் அழுதாள்.

டாக்டர் மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். நான் உஷாராகிவிட்டேன். விழுங்கியதும் “ஆ காட்டு, நாக்கத் தூக்கு” என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். இரண்டாம் நாளே அவள் கேட்டாள்.

“உங்களுக்கு மாத்திரை இல்லியா தீதி?”

“இருக்குது, பிரஷருக்கு.”

“இன்னைக்குப் போட்டீங்களா?”

போடவில்லை. யாரும் கேட்காத விஷயம், பாதி நாள் மறந்து போகும். “நாளைக்கி இங்க கொண்டாங்க. நீங்க போட்டாத்தான் நானும் போடுவேன்” என்றாள். அதிலிருந்து ரொட்டியும் பாலில்லாத வறட்டீயும் ஆனதும் இருவரும் மாத்திரை போட்டோம். அவளுடைய வாயை நான் பார்ப்பேன். டார்ச்சைப் பிடுங்கி என்னுடைய வாயை அவள் பார்ப்பாள். பக்கத்து அறை அம்மாள் வாசலில் நின்று, “ரெண்டும் பைத்தியம்” என்பார்.

கோர்ஸ் முடிந்து, குறித்த நாட்களில் அவள் ரத்தத்தை மறுபடி பார்த்தேன். பார்க்க வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பனி விழுந்து கொழுந்து குறைந்ததும் லீவு கிடைத்தது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வெறும் கையோடு, சுத்தமான ரத்தத்தோடு ஏறினாள். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று தோன்றியது. பஸ் திரும்பியதும் அழுகை வந்தது.

ஊரிலிருந்து சில நாள் காலையில் வீடியோ கால் வந்தது. ஹலோ கூடச் சொல்லாமல் “தீதி, ஆ!” என்பாள். மடியில் குழந்தையும் வாயைத் திறந்து காட்டும். பிறகு அழைப்பு குறைந்தது. இப்போது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அவள் எஸ்டேட்டுக்குத் திரும்பி வரவில்லை. குழந்தையோடு இருக்கிறாள், வேறென்ன வேண்டும்.

என் தகடுகள் மறுபடியும் வெறுமையாக இருக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். காலையில் ரொட்டி ஆனதும் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். டார்ச்சை நானே பிடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.